குளம் உடைந்தது, சுவர் இடிந்தது: யாரிடம் கேட்பது?

வாசகி ஒருவரின் கடிதம்:

"தூத்துக்குடி மாவட்டம் ஏரல் வட்டத்தில் ஒரு சிறிய கிராமம் எங்களுடையது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊர்க்குளம் உடைந்து தெருவுக்குள் தண்ணீர் வந்தது. வீட்டின் பின்சுவர் இடிந்தது. குத்தகைக்குப் பயிரிட்டிருந்த ஒன்றரை ஏக்கர் பிசானப் பருவ நெல்லை மணல் மூடிவிட்டது. ரேஷன் கடையில் 6,000 ரூபாய் கொடுத்தார்கள், அத்தோடு சரி. பயிருக்கான பணம் நிலத்துக்காரர் கணக்கில் ஏறியதாகக் கேள்வி. கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த அண்ணனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மாநில அரசுத் தரப்பில் கேட்டால் மத்திய அரசு பணம் தரவில்லை என்கிறார்கள். மத்திய அரசுக்காகப் பேசுபவர்கள் 900 கோடி கொடுத்தோமே என்கிறார்கள். ஊராட்சியில் கேட்டால் குளம் எங்களுடையது இல்லை என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் தம்பி, அங்கே புயல் வந்தால் மத்திய அரசே நேராக மக்கள் கணக்கில் பணம் போடும் என்கிறான். உண்மையில் யார் பொறுப்பு? நான் யார் மீது வழக்குப் போட வேண்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

வருவாய்த்துறையில் கிராம அளவில் தொடங்கி வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். நிவாரணப் பட்டியல் தயாரித்த கைகளில் என் கையும் ஒன்று. பட்டியலில் விட்டுப்போனவர்கள் அலுவலக வாசலில் வந்து நிற்பதைப் பல மழைக்காலங்களில் பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த வாசல்தான் நினைவுக்கு வந்தது.

முதலில் நேரான பதில். சட்டப்படியும் நடைமுறைப்படியும், பேரிடரில் பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணம் கொண்டுசேர்க்கும் முதல் பொறுப்பு மாநில அரசுடையது. மத்திய அரசு பண உதவி செய்கிறது, குறைந்தபட்ச அளவுகளை வகுக்கிறது, படை அனுப்புகிறது. உள்ளாட்சி, மாவட்டத் திட்டத்தின்படி களத்தில் வேலை செய்ய வேண்டும். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என மூன்று இருக்கின்றன அல்லவா, அவற்றில் எதிலுமே 'பேரிடர் மேலாண்மை' என்று ஒரு இனம் கிடையாது. சுனாமிக்குப் பிறகு 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் கொண்டுவந்தபோது, பொதுப் பட்டியலில் உள்ள சமூகப் பாதுகாப்பு என்ற இனத்தின் கீழ்தான் அதை நிறைவேற்றினார்கள். தேசிய ஆணையத்துக்குப் பிரதமர் தலைவர், மாநில ஆணையத்துக்கு முதல்வர் தலைவர், மாவட்டத்துக்கு ஆட்சியர். மாவட்ட ஆணையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவர் இணைத்தலைவராக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நம் ஊர்களில் இது பலருக்குத் தெரியாது.

பொறுப்பு இப்படிப் பிரிந்து கிடப்பதால்தான் ஒவ்வொரு வாசலிலும் அடுத்த வாசலைக் கைகாட்டுகிறார்கள். அதனால் பணம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாநிலப் பேரிடர் நிதி என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அதில் 75 சதவீதம் மத்திய அரசின் பங்கு, 25 சதவீதம் மாநிலத்தின் பங்கு. வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் 90-க்கு 10. இந்த நிதி எவ்வளவு என்பதை வெள்ளம் வந்த பிறகு கணக்கிடுவதில்லை. மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே நிதிப் பங்கீட்டைப் பரிந்துரைக்கும் நிதிக்குழு, ஐந்தாண்டுகளுக்கான தொகையை முன்கூட்டியே நிர்ணயித்துவிடும். 15-வது நிதிக்குழு முந்தைய ஆண்டுகளின் செலவு, பரப்பளவு, மக்கள்தொகை, இடர் அளவு ஆகியவற்றைப் பார்த்து 2021 முதல் 2026 வரைக்குமான தொகையைப் பிரித்துக் கொடுத்தது. அதன்படி 2023-24-ல் தமிழ்நாட்டுக்கு அந்த நிதி 1,200 கோடி ரூபாய். அதில் மத்திய பங்கு 900 கோடி, 450 கோடி வீதம் இரண்டு தவணை. நீங்கள் கேள்விப்பட்ட 900 கோடி இதுதான். அது கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் வெள்ளம் வராவிட்டாலும் அந்த ஆண்டு வந்திருக்க வேண்டிய தொகை அது.

அந்த டிசம்பரில் நடந்ததோ வேறு அளவு. மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் மூழ்கடித்தது. இரண்டு வாரம் கழித்து 18-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஓர் ஆண்டில் பெய்யும் மழையைவிட அதிகமாக ஒரே நாளில் பெய்துவிட்டது. சென்னைப் பகுதியில் 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் கொடுத்ததற்கே 1,450 கோடிக்கு மேல் ஆனது. ஆண்டு நிதி முழுவதையும் அந்த ஒரு இனமே தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு, குடும்ப அட்டைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கொடுக்கும் இனம் மத்திய விதிமுறையில் இல்லை. அது மாநிலம் தானாக எடுத்த முடிவு.

மாநில நிதி போதாதபோது தேசியப் பேரிடர் நிதியிலிருந்து கூடுதல் கேட்கலாம். (மீட்புப் படைக்கும் இந்த நிதிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சுருக்கெழுத்து என்பதால் பலரும் குழம்புகிறார்கள். படகோடு வந்தவர்கள் வேறு, இந்தப் பணம் வேறு.) கூடுதல் கேட்டால் பல அமைச்சகங்களின் அதிகாரிகள் அடங்கிய மத்தியக் குழு வந்து பார்க்கும், பிறகு உயர்மட்டக் குழு தொகையை முடிவு செய்யும். தமிழ்நாடு இரண்டு பேரிடருக்கும் சேர்த்து 37,907 கோடி கேட்டது. மத்திய அரசு ஒப்புக்கொண்டது புயலுக்குச் சுமார் 285 கோடி, தென்மாவட்ட வெள்ளத்துக்குச் சுமார் 397 கோடி. கையில் வந்தது இரண்டுக்கும் சேர்த்து சுமார் 276 கோடி. ஏன் குறைந்தது என்றால், ஆண்டுத் தொடக்கத்தில் மாநில நிதியில் இருந்த இருப்பில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் தேசிய நிதி தருவார்கள்.

37,907 எங்கே, 276 எங்கே? இந்த இடைவெளியை ஒரு தரப்பின் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு விஷயத்தைக் கணக்கிடுகின்றன. மாநிலம் கேட்டது உடனடி நிவாரணத்தோடு உடைந்த சாலை, பாலம், குளம், மின்கம்பம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் நிலையாகத் திரும்பக் கட்டுவதற்கு. தேசிய நிதி கொடுத்தது உள்துறை அமைச்சகத்தின் விதிமுறையில் உள்ள இனங்களுக்கு, அந்த விதிமுறையின் விகிதத்தில். அதன்படி அப்போது சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். 15 சதவீதமாவது சேதமான கல்வீட்டுக்கு 6,500. 6,500 ரூபாயில் ஒரு சுவரை எழுப்ப முடியுமா? கொத்தனார் கூலிக்கே போதாது.

என் கருத்தைக் கேட்டால், இந்த முறை சாதாரண ஆண்டுக்குப் பொருந்தும், 2023 டிசம்பர் போன்ற ஒரு மாதத்துக்குப் பொருந்தாது. நூறாண்டில் ஒருமுறை வரும் மழையின் சுமையைத் தாங்கும் தோள் மத்திய அரசுக்குத்தான் இருக்கிறது. வரி வசூலில் பெரும்பங்கு அங்கே சேர்கிறது, கடன் வாங்கும் வரம்பை மாநிலத்துக்கு விதிப்பதும் அங்கேதான். தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் இந்த ஆதங்கத்தில்தான். 'தேசியப் பேரிடர்' என்று அறிவித்தால் எல்லாம் மாறிவிடும் என்று அப்போது பலர் நம்பினார்கள். அப்படி அறிவிக்கச் சட்டத்தில் வழியே இல்லை. அதில் இனிமேலும் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

உங்கள் தம்பி சொன்னது பாதி சரி. அமெரிக்காவில் 1988-ன் ஸ்டாஃபோர்ட் சட்டப்படி ஆளுநர் கேட்டு, குடியரசுத் தலைவர் அறிவித்தால், ஃபீமா என்ற மத்திய அமைப்பு தகுதியுள்ள குடும்பங்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கும். ஆனால் அங்கும் அது வரம்புக்கு உட்பட்ட உதவிதான். வீட்டைத் திரும்பக் கட்ட மக்கள் பெரிதும் காப்பீட்டையே நம்பியிருக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது இன்னொன்று. அங்கும் அதே 75 சதவீதம்தான் பேச்சு. ஆனால் அங்கே பொதுச் சாலை, பாலம், பள்ளி இடிந்தால் அவற்றைச் சீர்செய்ய உண்மையில் ஆகும் செலவில் குறைந்தது 75 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது. கத்ரீனா புயலுக்குப் பிறகு 100 சதவீதம் வரைகூட ஏற்றது. இங்கே 75 சதவீதம் என்பது முன்கூட்டியே கட்டிய உண்டியலில் 75 சதவீதம். சேதம் ஏறினால் அங்கே மத்திய பங்கும் ஏறும். இங்கே உண்டியல் அப்படியே இருக்கும். நம் நிதிக்குழுவும் மீட்சிக்கும் மறுகட்டுமானத்துக்கும் என்று 30 சதவீதத்தைத் தனியாக ஒதுக்கியது நல்ல தொடக்கம். அதுவும் அந்த உண்டியலுக்குள்ளேயேதான்.

இந்தப் பெரிய சண்டை என்றைக்குத் தீரும் என்று உங்கள் சுவர் காத்திருக்க முடியாது. உங்கள் கையில் வர வேண்டிய பணம் நின்றுபோன இடம் டெல்லி இல்லை, சென்னைகூட இல்லை. கிராம நிர்வாக அலுவலரின் கணக்கெடுப்புப் பட்டியல்தான் அந்த இடம். என் பணிக்காலம் முழுவதும் நான் பார்த்த உண்மை இது. மத்திய நிதியோ மாநில நிதியோ, எதிலிருந்து வந்தாலும் அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் உங்களிடம் வரும்.

வீட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் இறுதியில் மாநில அரசு 1,000 கோடியில் ஒரு சிறப்புத் தொகுப்பை அறிவித்தது. அதில் உங்கள் மாவட்டத்துக்கும் திருநெல்வேலிக்கும் முழுதாக இடிந்த வீட்டுக்கு 4 லட்சம் வரை, பகுதி சேதத்தைச் சீர்செய்ய 2 லட்சம் வரை என்று இருந்தது. மத்திய விதிமுறையின் 6,500-ஐயும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வீடு கணக்கெடுப்பில் எப்படிப் பதிவானது? பகுதி சேதமா, சேதமே இல்லையா, அல்லது யாருமே வந்து பார்க்கவில்லையா? இது தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது. ஏரல் வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். உங்கள் கிராமத்தின் வீட்டுச் சேதக் கணக்கெடுப்புப் பட்டியலின் நகல், பயிர்ச் சேதப் பயனாளிகள் பட்டியலின் நகல், உங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே எழுதப்பட்ட குறிப்பு, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். 'எனக்கு ஏன் பணம் தரவில்லை' என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவண நகல் கேட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

பயிர் விஷயம் இன்னும் சிக்கலானது. எனக்கு மனம் வலிப்பதும் அதில்தான். அப்போதைய விதிமுறை 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான பயிருக்கு இடுபொருள் மானியம் (விதை, உரம் போன்ற செலவுக்கான உதவி) என்கிறது. நெல் போன்ற இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு அது ஏறக்குறைய 10,300 ரூபாய் வரும். மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்த நிலத்தைச் சீர்செய்ய ஹெக்டேருக்கு 18,000 என்று தனி இனமும் உண்டு. அதைப் பற்றி உங்கள் ஊரில் யாராவது சொன்னார்களா? பயிரை இழப்பவர் உழுதவர். பணம் போவது பெரும்பாலும் பட்டாவில் பெயர் உள்ளவருக்கு. தாமிரபரணிக் கரையில் கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர்களின் நிலம் என்று குத்தகைச் சாகுபடி எவ்வளவு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லாம் வாய்மொழிக் குத்தகை. அடங்கலில் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கில்) சாகுபடி செய்பவர் பெயர் ஏறினால்தான் நிவாரணம் உழுதவர் கைக்கு வரும். அதை ஏற்றினால் நாளைக்கு நிலத்துக்கு உரிமை கேட்பார்கள் என்று நிலத்துக்காரர் பயப்படுவார். நம் அலுவலர்களும் வம்பு எதற்கு என்று விட்டுவிடுவார்கள். நானும் என் தொடக்க காலத்தில் அப்படி விட்டிருக்கிறேன். அது தவறு.

இந்தப் பயத்தை மீற ஒரு சட்டம் 1969 முதலே இருக்கிறது: குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம். அந்தப் பதிவுக்கு நீங்களே மனு கொடுக்கலாம். குத்தகை நெல் அளந்த ரசீது, உரக்கடைச் சீட்டு, கூட்டுறவுச் சங்கப் புத்தகம், பக்கத்து வயல்காரரின் சாட்சி, எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள். நிலத்துக்காரர் வாங்கிய தொகையைப் பற்றி முதலில் அவரிடமே பேசிப் பாருங்கள். பட்டியல் நகல் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

அண்ணனின் கடைக்கு என்னால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை. மத்திய விதிமுறையில் கைவினைஞர், நெசவாளர், மீனவர் எல்லாம் உண்டு. கடைச்சரக்கை இழந்த வணிகருக்கு இனம் இல்லை. மாநிலத் தொகுப்பில் சிறு வணிகர்களுக்குச் சிறப்புக் கடன் இருந்தது, அது கடன்தான், நிவாரணம் இல்லை. கடைச்சரக்குக்கு வெள்ளத்தையும் சேர்த்துக் காப்பீடு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது குளத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன இதுதான் என் பார்வையில் முதன்மையானது. ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தால் குளம் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறையின் பொறுப்பு. 'எங்களுடையது இல்லை' என்று ஊராட்சியில் சொன்னது எழுத்தளவில் சரியாகவே இருக்கலாம். ஆனால் யாருடையது என்று சொல்லியிருக்க வேண்டும். உங்கள் குளத்தின் ஆயக்கட்டு எவ்வளவு, கடைசியாகக் கரையைப் பலப்படுத்தியது எந்த ஆண்டு, மதகும் கலுங்கும் (உபரி நீர் வழியும் இடம்) கடைசியாக எப்போது பழுதுபார்க்கப்பட்டன, உடைப்பை அடைத்த வேலைக்கு, செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று ஒன்றியத்துக்கும் நீர்வளத்துறைக்கும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மத்திய நிதி கூடியதா குறைந்ததா என்பதற்கும் கலுங்கு அடைபட்டுக் கிடப்பதற்கும் சம்பந்தமில்லை. தூர்ந்த ஓடையை வெட்டுவது உள்ளூர் வேலை, மாநில வேலை. அது நடந்திருந்தால் 95 சென்டிமீட்டரை முழுதாகத் தாங்கியிருக்காதுதான். ஆனாலும் எல்லாக் குளமும் அடுத்தடுத்து உடைந்திருக்காது.

அப்புறம், வழக்கு. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் எடுத்த நடவடிக்கைகளைப் பற்றி உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டுமே விசாரிக்க முடியும். உங்களுக்கு அது மதுரைக் கிளை. அங்கே போவதற்கு முன் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளுங்கள். சட்டம் தருவது நிவாரணம், இழப்பீடு அல்ல. இழந்தது முழுவதையும் ஈடு செய்யச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடுவது அரிது. கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்காக 2021-ல் போன வழக்கில், நிவாரணத்துக்குக் குறைந்தபட்ச அளவை வகுப்பது தேசிய ஆணையத்தின் கட்டாயக் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எவ்வளவு என்பதை ஆணையத்திடமே விட்டது. கேட்டது 4 லட்சம், கிடைத்தது 50,000. அதையும் மாநிலப் பேரிடர் நிதியிலிருந்துதான் கொடுக்கச் சொன்னார்கள். ஆகவே 'என் இழப்பைத் தாருங்கள்' என்ற வழக்கைவிட, 'அரசு தானே அறிவித்த தொகைக்கு எனக்குத் தகுதி இருந்தும் கணக்கெடுப்பில் விட்டுவிட்டார்கள், என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்' என்ற வழக்கே நிற்கும். ஆண்டுகள் ஓடிவிட்டதால் தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள். அதனால் முன்பு கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டு ஒன்றாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இல்லாவிட்டால் வரும் திங்கட்கிழமையே ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்துச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்காதீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களும் அந்தப் பட்டியலில் தனியாகவே இருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டு வழியிலும் உரிமை உண்டு. தூத்துக்குடி மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

மனுவில் உண்மையில் ஏற்பட்ட சேதத்தை மட்டும் எழுதுங்கள். இல்லாத சேதத்தைச் சேர்த்து எழுதினால் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நிவாரணப் பணத்தைக் கையாடும் அலுவலருக்கும் அப்படியே.

தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள். பட்டியலில் உங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அடுத்த மனுவைச் சேர்ந்தே எழுதுவோம்.